கிளென்ரியோவைக் கொன்றது ஐ-40 தானா?

வாசகர் கேள்வி, 12 அக்டோபர் 2024

டாலஸிலிருந்து சாண்டா ஃபே போகும் வழியில், டெக்சாஸ் முடிகிற இடத்தில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வழியில், "எக்ஸிட் 0" என்று ஒரு பலகை. தெற்கே பார்த்தால் கூரை போன சில கட்டடங்கள், ஒரு உயரமான துருப்பிடித்த சட்டம். ஆள் நடமாட்டம் இல்லை. ஐ-40 என்ற விரைவு நெடுஞ்சாலை வந்ததால் செத்துப்போன ஊர் என்று கூட வந்த நண்பர் சொன்னார். எனக்குப் புரியவில்லை. ஐ-40 அந்த ஊரை ஒட்டித்தானே போகிறது? ஒட்டிப் போகிற சாலை எப்படி ஊரைக் கொல்லும்?

12 அக்டோபர் 2024, இரவு

அந்த ஊர் கிளென்ரியோ. உங்கள் நண்பர் சொன்னது சரிதான். ஐ-40க்கு முன்னால் ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலைதான் ஊரின் நடுத்தெரு. சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா போகிற கார், லாரி, பேருந்து எல்லாம் அந்த ஒரே தெருவில் நுழைந்து வெளியேறும். 1970களின் நடுவில் ஐ-40 ஊருக்குச் சற்று வடக்கே தள்ளிப் போனது. கூப்பிடு தூரம்தான். ஆனால் மணிக்கு 75 மைலில் போகிறவரைக் கூப்பிட்டு நிறுத்த முடியாது. நியூ மெக்ஸிகோ பக்கம் இருந்த மோட்டல் மூடப்பட்டது, பெட்ரோல் பங்க் மூடப்பட்டது, ஊர் செத்தது.

13 அக்டோபர் 2024

காலையில் எழுந்ததும் மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். உங்கள் கேள்விக்கு அது பதில் ஆகாது. எங்கே தொடங்கியது என்று சொல்லாமல் எப்படி முடிந்தது என்று மட்டும் சொல்லிவிட்டேன்.

கிளென்ரியோ சாலையால் பிறந்த ஊரே இல்லை, ரயிலால் பிறந்தது. 1903இல் ராக் ஐலண்ட் ரயில்வே தன் பாதையில் குறித்த ஒரு சைடிங், அதாவது ரயில் ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளம், அது. அதற்கு முன்னால் அந்த எல்லையோரம் நெடுக எக்ஸ்ஐடி என்ற மாட்டுப் பண்ணையின் நிலம். ஆஸ்டினில் சட்டமன்றக் கட்டடம் கட்டிக் கொடுத்ததற்குக் கூலியாக டெக்சாஸ் அரசு 30 லட்சம் ஏக்கரைக் கொடுத்தது, அதில் உண்டான பண்ணை. கையில் காசில்லாத அரசு, ஒரு கட்டடத்துக்காக ஒரு நாட்டின் அளவு நிலத்தைக் கொடுத்திருக்கிறது. நான் முதலில் கேள்விப்பட்டபோது நம்பவில்லை.

1905 வாக்கில் அந்தப் பக்கத்து நிலத்தைத் துண்டு போட்டுச் சிறு விவசாயிகளுக்கு விற்றார்கள். கோதுமையும் சோளமும் போட வந்தவர்களுக்கு ரயில் தேவைப்பட்டது, ரயிலுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். மாடுகளையும் சரக்கையும் ஏற்றி அனுப்பும் நிலையமாக ஊர் வளர்ந்தது. 1910இல் கிழக்கே அமரில்லோவையும் மேற்கே டூகம்காரியையும் இணைக்கும் ரயில் பாதை முழுமையானது. அதே ஆண்டு கிளென்ரியோவுக்குச் சொந்தமாக ஒரு செய்தித்தாளும் வந்துவிட்டது: கிளென்ரியோ ட்ரிப்யூன். 1934 வரை வந்தது. இன்று ஒரு மளிகைக் கடைகூட இல்லாத இடத்தில் 24 ஆண்டுகள் அச்சு ஓடியிருக்கிறது.

1920 வாக்கில் ஓட்டல், இரும்புச் சாமான் கடை, நிலம் விற்கும் அலுவலகம், மளிகைக் கடைகள், காபிக் கடைகள் எல்லாம் இருந்தன. ரூட் 66 பிறந்தது 1926 நவம்பரில்தான். ஆக ஊர் சாலைக்கு முன்பே இருந்தது. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

13 அக்டோபர் 2024, மாலை

பெயரைப் பற்றி: "கிளென்" என்றால் ஸ்காட்லாந்துப் பக்கத்தில் பள்ளத்தாக்கு. "ரியோ" என்றால் ஸ்பானிய மொழியில் ஆறு. கிளென்ரியோவில் பள்ளத்தாக்கும் இல்லை, ஆறும் இல்லை. தட்டையான புல்வெளியும் காற்றும்தான். நிலம் விற்க வந்தவர்களுக்கு அந்தப் பெயர் நிச்சயம் உதவியிருக்கும்.

15 அக்டோபர் 2024

திருத்தம். மோட்டல் நியூ மெக்ஸிகோ பக்கம் இருந்தது என்று 12ஆம் தேதி எழுதியிருந்தேன். அது டெக்சாஸ் பக்கம் இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார், அவர் கேட்டது சரி. நீங்கள் பார்த்த துருப்பிடித்த சட்டம் டெக்சாஸ் பக்கத்து மோட்டலின் பலகை. மேற்கிலிருந்து வருகிறவருக்கு அது "டெக்சாஸின் முதல் மோட்டல்". கிழக்கிலிருந்து வருகிறவருக்கு, அதே பலகையின் மறுபக்கத்தில், "டெக்சாஸின் கடைசி மோட்டல்". ஒரே பலகை, இரண்டு பக்கமும் உண்மை. எழுத்துகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன.

பெட்ரோல் பங்கும் டெக்சாஸ் பக்கம்தான். அது தற்செயல் இல்லை. அதற்குத்தான் வருகிறேன்.

16 அக்டோபர் 2024

ஊரின் நடுவே மாநில எல்லை போகிறது. கிழக்குப் பாதி டெக்சாஸில் டெஃப் ஸ்மித் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி). மேற்குப் பாதி நியூ மெக்ஸிகோவில் குவே கவுண்டி. இரண்டு சட்டம், இரண்டு வரி, இரண்டு மணி. ஆம், மணியும் வேறு: டெக்சாஸ் பக்கம் 12 என்றால் நியூ மெக்ஸிகோ பக்கம் 11.

அன்று டெஃப் ஸ்மித் கவுண்டியில் மது விற்கத் தடை. அதனால் மதுக்கடை எல்லாம் நியூ மெக்ஸிகோ பக்கம். நியூ மெக்ஸிகோவில் அப்போது பெட்ரோல் வரி அதிகம். அதனால் பங்க் எல்லாம் டெக்சாஸ் பக்கம். குடிக்க மேற்கே நடக்க வேண்டும், வண்டிக்கு ஊற்றக் கிழக்கே வர வேண்டும். தபாலுக்கும் இதே கதைதான். கடிதங்கள் வந்து இறங்கும் ரயில் நிலையம் டெக்சாஸ் பக்கம், தபால் அலுவலகம் நியூ மெக்ஸிகோ பக்கம். யாராவது பையைத் தூக்கிக்கொண்டு மாநிலம் தாண்ட வேண்டும்.

அந்தக் கவுண்டியின் பெயர் ஒரு மனிதரிடமிருந்து வந்தது. இராஸ்டஸ் ஸ்மித், டெக்சாஸ் விடுதலைப் போரில் ஒற்றர். காது சரியாகக் கேட்காது என்பதால் டெஃப் ஸ்மித். உள்ளூர்க்காரர்கள் "டீஃப்" என்று நீட்டிச் சொல்வார்கள். நான் "டெஃப்" என்று சொல்லி அமரில்லோவில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே திருத்தினார். எழுதும்போது பலகையில் இருக்கிறபடியே எழுதுகிறேன்.

20 அக்டோபர் 2024

நான் அங்கே போன கதையைச் சிலர் கேட்டார்கள்.

2016 நவம்பர். ஆல்புகெர்க்கியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். நான்தான் ஓட்டினேன், இவர் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார். மகளுக்கு அப்போது எட்டு வயது. அவளுக்குக் கழிப்பறை போக வேண்டும். எக்ஸிட் 0 பலகையைப் பார்த்ததும் ஏதாவது இருக்கும் என்று இறங்கினேன்.

இறங்கியதும் சாலை திடீரென்று அகலமாகிவிட்டது. நான்கு வழிச் சாலை. நடுவே வெடிப்புகளில் புல். ஒரு வண்டி இல்லை. அவ்வளவு அகலமான சாலையில் நான் அவ்வளவு மெதுவாக ஓட்டியதே இல்லை. பாழடைந்த வீடுகளைவிட அந்தச் சாலையின் அகலம்தான் என்னை உலுக்கியது. இத்தனை வண்டிகள் வரும் என்று நம்பி யாரோ அளந்து போட்டிருக்கிறார்கள். வந்தும் இருக்கின்றன.

மகள் இறங்கி ஓடினாள். எல்லை எங்கே என்று கேட்டாள். ஏறக்குறைய இங்கேதான் என்று காட்டினேன். அந்தப் பக்கம் குதித்து "இப்ப பதினொன்று!" இந்தப் பக்கம் குதித்து "இப்ப பன்னிரண்டு!" பத்துத் தடவையாவது குதித்திருப்பாள். அப்புறம் நின்று கேட்டாள்: "அம்மா, இங்க இருந்தவங்க எல்லாம் எங்க போனாங்க?"

என்னிடம் பதில் இல்லை. வடக்கே ஐ-40இல் லாரிகள் ஓடுகிற சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. அமைதியான இடம் என்று படம் பார்த்தவர்கள் நினைப்பார்கள், அப்படி இல்லை. போக்குவரத்து முழுவதும் காதில் விழுகிறது, ஒன்றுகூடத் திரும்புவதில்லை.

கழிப்பறை கிடைக்கவில்லை. கிழக்கே அடுத்த ஊரான ஏட்ரியன் வரை, இருபது மைலுக்கு மேல், பொறுத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கேள்விதான் என்னை இதைப் படிக்க வைத்தது.

22 அக்டோபர் 2024

"அந்த எல்லைக் கோட்டை யார் அப்படி ஊர் நடுவில் போட்டார்கள்?" என்று கேட்டவருக்கு.

கோடு ஊருக்கு முன்பே இருந்தது. 1859இல் ஜான் கிளார்க் என்பவர் அளந்து போட்டது. சட்டப்படி அது 103ஆம் தீர்க்கரேகையில் இருக்க வேண்டும். அளவையில் பிழை நேர்ந்து, கோடு சில மைல் மேற்கே தள்ளி விழுந்துவிட்டது. அந்த நீண்ட பட்டை முழுவதும் டெக்சாஸுக்குப் போனது. நியூ மெக்ஸிகோ 1912இல் மாநிலம் ஆவதற்கு முந்தைய ஆண்டு, கிளார்க் போட்ட கோடே எல்லை என்று அமெரிக்கக் காங்கிரஸ் உறுதி செய்துவிட்டது.

இதைப் படித்தபோது வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். கோடு சரியாக விழுந்திருந்தால் கிளென்ரியோ முழுவதுமே நியூ மெக்ஸிகோவில் இருந்திருக்கும். மதுக்கடை இந்தப் பக்கம், பங்க் அந்தப் பக்கம் என்ற கணக்கே இருந்திருக்காது. முதல் மோட்டல், கடைசி மோட்டல் இருந்திருக்காது. ரயில் சைடிங்காக மட்டும் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, பக்கத்தில் உள்ள எண்டீ மாதிரி இன்னும் சீக்கிரமே மறைந்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனாலும் ஒருவர் அளவையில் செய்த பிழை அந்த ஊருக்கு ஐம்பது அறுபது ஆண்டு சோறு போட்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2 நவம்பர் 2024

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஒட்டிப் போகிற சாலை எப்படிக் கொல்லும்?

பழைய கார்களை நினைத்துப் பாருங்கள். 1930களில், 40களில் ஒரு குடும்பம் ஓக்லஹோமாவிலிருந்து மேற்கே போகிறது என்றால், ரேடியேட்டர் கொதிக்கும், டயர் வெடிக்கும், குழந்தை அழும், இருட்டும். அமரில்லோ தாண்டி 70 மைலுக்கு மேல் வந்திருப்பார்கள். அடுத்த பெரிய ஊர் டூகம்காரி இன்னும் 40 மைல். நின்றுதான் ஆக வேண்டும். ஊர் அழகாக இருப்பதால் யாரும் நிற்கவில்லை. வண்டியால் முடியாததால் நின்றார்கள். தூசிப் புயலில் வயலை இழந்து கலிஃபோர்னியாவுக்கு ஓடியவர்கள் இந்தத் தெரு வழியாகத்தான் போனார்கள். போருக்குப் பிறகு விடுமுறைக்குப் போனவர்கள் வந்தார்கள். 1950களின் தொடக்கம்தான் ஊரின் நல்ல காலம். இன்று நிற்கிற மோட்டல், சின்ன உணவுக் கடை, பங்க் எல்லாம் அந்தச் சில ஆண்டுகளில் கட்டியவை. உணவுக் கடையின் வளைந்த மூலையைப் பாருங்கள், கட்டியவர்கள் ஆசையோடு கட்டியிருக்கிறார்கள்.

1956இல் அதிபர் ஐசன்ஹோவர் இன்டர்ஸ்டேட் (ஐ-40 போன்ற விரைவு நெடுஞ்சாலைகள்) சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இன்டர்ஸ்டேட்டின் இலக்கணமே நிற்காமல் போவது. குறுக்குச் சந்திப்பு கிடையாது. சாலையை ஒட்டிக் கடை வைக்க முடியாது. எக்ஸிட் வழியாக மட்டுமே இறங்கலாம். கார்களும் அதற்குள் மாறிவிட்டன. இன்று என் வண்டி ஒரு டேங்க்கில் 350 மைல் ஓடும். கிளென்ரியோ ஐந்து மைல் தள்ளி இருந்தாலும், ஐம்பது அடி தள்ளி இருந்தாலும் இப்போது ஒன்றுதான். தூரம் அந்த ஊரைக் கொல்லவில்லை. நிற்க வேண்டிய அவசியம் போனதுதான் கொன்றது.

3 நவம்பர் 2024

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஊரின் ரயில் நிலையம் மூடப்பட்டது 1955இல். ஐ-40க்கு ஏறக்குறைய இருபது ஆண்டு முன்னால். அதாவது ரூட் 66இன் வியாபாரம் உச்சத்தில் இருந்தபோதே, ஊரைப் பெற்றெடுத்த முதல் காரணம் கைகழுவிவிட்டது. அப்போது யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள், தெருவில்தான் கார் வரிசையாக வந்துகொண்டிருந்ததே. ஆனால் அன்றிலிருந்து ஊர் ஒற்றைக் காலில் நின்றது.

ராக் ஐலண்ட் ரயில்வேயும் 1975இல் திவால் ஆகி, 1980 மார்ச் கடைசியில் ஓட்டத்தையே நிறுத்தியது. கிளென்ரியோ வழியாகப் போன தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். 1980களின் நடுவில் ஊரில் இருந்தவர்கள் இரண்டு பேர். ரூட் 66 என்ற எண்ணையே மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம் 1985 ஜூனில் பட்டியலிலிருந்து நீக்கியது. பாருங்கள், பத்தே ஆண்டுக்குள் மூன்றும் போய்விட்டன.

அதனால் "ஐ-40 கொன்றது" என்று நான் முதல் நாள் எழுதியதைப் பாதி திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கடைசி அடி அதுதான். முதல் அடி 1955.

9 நவம்பர் 2024

"அப்படியானால் ஏட்ரியனும் டூகம்காரியும் ஏன் சாகவில்லை?" நல்ல கேள்வி. எனக்கும் நாலு நாள் ஓடிக்கொண்டிருந்தது.

ஏட்ரியனில் தானியக் கிடங்குகள் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, சுற்றிலும் விவசாயம் உண்டு. தற்செயலாக இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு: ரூட் 66இன் சரிபாதி அங்கேதான். சிகாகோவுக்கு 1,139 மைல், லாஸ் ஏஞ்சலஸுக்கு 1,139 மைல் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் படம் எடுக்காமல் யாரும் போவதில்லை, எதிரே காபிக் கடையில் "பை" என்ற இனிப்புப் பண்டம் சாப்பிடாமலும் போவதில்லை. ஏட்ரியனுக்குக் கிழக்கே உள்ள வேகா, ஓல்டம் கவுண்டியின் தலைமை ஊர். டூகம்காரியும் குவே கவுண்டிக்குத் தலைமை ஊர். நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளி இருக்கும் ஊருக்குச் சாலை மட்டும் உயிர் இல்லை. டூகம்காரியிலும் எத்தனையோ மோட்டல்கள் பாழாகிக் கிடக்கின்றன. காயம் பட்டது, சாகவில்லை.

கிளென்ரியோவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கவுண்டியின் மூலையில் கிடக்கும் ஊர். தலைமை ஊர் ஹியர்ஃபோர்ட் வெகு தூரம். விவசாய நிலங்களும் காலப்போக்கில் பெரிய கைகளுக்குப் போய், குடும்பங்கள் குறைந்துவிட்டன.

10 நவம்பர் 2024

பைபாஸ் வந்து நம் ஊர்களும் இப்படித்தான் ஆகின்றன என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஓரளவுக்குத்தான் ஒப்புக்கொள்வேன். பைபாஸ் வந்து பஸ் நிற்காமல் போனதால் மாமா தன் பரோட்டாக் கடையை மூடியதைப் பார்த்தவள் நான். ஆனால் கடை போனது, ஊர் போகவில்லை. கோயில், ரேஷன் கடை, பின்னால் வயல், சொந்தக்காரர்கள் எல்லாம் அங்கேயேதான் இருக்கிறார்கள். கிளென்ரியோவில் கடைதான் ஊர். இதை இங்கேயே விட்டுவிடுகிறேன், வேறு இழையில் பேசலாம்.

4 ஜனவரி 2025

கிறிஸ்துமஸ் விடுமுறையில் மறுபடி போனோம். மகளுக்கு இப்போது பதினாறு. குதிக்கவில்லை, படம் எடுத்தாள்.

ஒரு பெரிய மாற்றம். நியூ மெக்ஸிகோவில் 2022 ஏப்ரல் முதல் பெரியவர்களுக்குக் கஞ்சா விற்பது சட்டப்படி சரி. டெக்சாஸில் குற்றம். எல்லையைத் தாண்டியவுடனே, நியூ மெக்ஸிகோ பக்கத்தில், கஞ்சாக் கடை. வாசலில் டெக்சாஸ் எண் பலகை போட்ட வண்டிகள். வாங்கியதைத் திரும்பக் கொண்டுவந்தால் டெக்சாஸில் மாட்டுவார்கள் என்பது வேறு விஷயம்.

அது எனக்குப் பிடித்த வியாபாரம் இல்லை. ஆனால் காரில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மதுக்கடை மேற்கே, பங்க் கிழக்கே என்று அக்டோபரில் எழுதினேனே, அதே கணக்கு. கிளார்க் தவறாகப் போட்ட கோடு 165 ஆண்டு கழித்தும் வியாபாரம் செய்கிறது. நிற்க ஒரு காரணம் கிடைத்ததும் வண்டிகள் எக்ஸிட் 0இல் திரும்புகின்றன. பழைய மோட்டலுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. அது இன்னும் கூரை இல்லாமல்தான் நிற்கிறது.

5 ஜனவரி 2025

இந்த மாதிரி இடத்தைப் "பேய் ஊர்" என்பார்கள். அந்தச் சொல்லை நான் எழுதப் போவதில்லை. நேற்று மகள் எடுத்த படங்களில் ஒரு வீட்டு வாசலில் நாய்க்குத் தண்ணீர் வைத்த கிண்ணம் தெரிந்தது. யாரோ அங்கே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை அழிக்கச் சொன்னேன். உடனே அழித்துவிட்டாள்.

11 ஜனவரி 2025

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். ஊரின் பழைய கட்டடங்களும் ரூட் 66இன் அந்தத் துண்டும் 2007இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஆனாலும் அவை தனியார் சொத்து. சாலையில் நின்று பாருங்கள், உள்ளே போகாதீர்கள். தரை உளுத்திருக்கிறது, பாம்பும் உண்டு. மேற்கே சான் ஹோன் என்ற ஊர் வரை பழைய ரூட் 66 மண்ணும் சரளையுமாகப் போகிறது, பதினெட்டு மைல் போல. மழை பெய்திருந்தால் வேண்டாம், சக்கரம் புதைந்துவிடும். காய்ந்திருந்தால் கட்டாயம் போங்கள். வழியில் எண்டீ வரும். அங்கே மிச்சம் இருப்பது இன்னும் குறைவு.

பெட்ரோலை அமரில்லோவிலோ டூகம்காரியிலோ நிரப்பிக்கொள்ளுங்கள். குழந்தைகளை ஏட்ரியனிலேயே கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள்.

12 ஜனவரி 2025

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார், மார்ச்சில் மறுபடி அந்த வழியாகப் போகிறாராம். மேற்கிலிருந்து திரும்பி வரும்போது இறங்குங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். வெயில் பின்னாலிருந்து விழும். அந்தப் பலகைச் சட்டத்தின் நிழல் கிழக்கே நீண்டு கிடக்கும். "முதல்" என்ற சொல்லில் ஏதாவது எழுத்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். டிசம்பரில் பனிமூட்டத்தில் எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை.